சாமி பேரில் நிலம். உழைப்பு யார் பேரில்?

கோயில் நிலம் யாருக்குச் சொந்தம்? பூசை செய்கிறவருக்கா? ஆளுகிற சர்க்காருக்கா? கருவறையில் இருக்கும் சாமிக்கா? மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த வழக்கொன்றில், 2021 செப்டம்பர் 6-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. நீதிபதிகள் ஹேமந்த் குப்தா, ஏ.எஸ். போபண்ணா தந்த அந்தத் தீர்ப்பு, உழைக்கும் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று.

பழைய குவாலியர் சமஸ்தானத்திலே கோயில்களுக்கு மானியமாக நிலங்கள் விடப்பட்டிருந்தன. நிலப் பதிவேட்டிலே பூசாரிகளின் பெயர்கள் இருந்தன. பதிவேட்டில் பெயர் இருந்தால் போதாதா? விற்கலாம், அடகு வைக்கலாம்! அதைத் தடுக்கவே என்று சொல்லி, மாநில சர்க்கார் 1994-லும் 2008-லும் சுற்றறிக்கை விட்டுப் பூசாரிகளின் பெயர்களை நீக்கச் சொன்னது. பூசாரிகள் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1959-ஆம் ஆண்டு நிலவருவாய்ச் சட்டப்படி நாங்களே 'பூமிசுவாமி', அதாவது நிலத்துக்கு உரியவர்கள் என்று வாதாடியது. ஐகோர்ட் சுற்றறிக்கைகளை ரத்துச் செய்தது. சர்க்கார் மேல்முறையீட்டுக்குப் போயிற்று.

உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? நிலத்துக்குச் சொந்தக்காரர் சாமியே. சட்டத்தின் கண்ணில் சாமியும் ஒரு 'நபர்'. இது புதிய சங்கதியன்று. 1925-லேயே பிரிவி கவுன்சில் சொன்னதுதான். பூசாரி குத்தகைதாரர் அல்லர். சாமியின் சொத்தை நிர்வகிக்க வைக்கப்பட்டவர். கடமை தவறினால் அந்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளர் கட்டத்தில் மட்டுமல்ல, அனுபவதாரர் கட்டத்திலும் அவர் பெயர் வேண்டியதில்லை.

சர்க்காருக்கும் ஒரு குட்டு விழுந்தது! அரசைச் சேராத கோயில்களுக்கெல்லாம் கலெக்டரை நிர்வாகி என்று எழுதிவைக்க முடியாது என்றது மன்றம்.

நல்ல தீர்ப்புதான். பொதுச் சொத்தைத் தன் சொத்தாக்கும் வழி ஒன்று அடைபட்டது. ஆனால் தோழர்களே, சாமி கையெழுத்துப் போடுவதில்லை, கணக்குக் கேட்பதுமில்லை. சாமியின் பேரில் கையெழுத்துப் போடுகிறவர் எவரோ, அவர் கையில்தான் நிலத்தின் விதி இருக்கிறது. பெயர் மாறிவிட்டால் பிடி மாறிவிடுமா?

இன்னொன்றும் பாருங்கள். வழக்கிலே ஒருபுறம் பூசாரிகள் சங்கம், மறுபுறம் சர்க்கார். அந்த மண்ணிலே ஏர் பிடிக்கும் கூலிக்காரன் வாதியும் அல்லன், பிரதிவாதியும் அல்லன். பூசாரியே வியர்வை சிந்திப் பயிரிட்டால் அவரும் உழைப்பாளிதான். அவர் வயிற்றுப்பாட்டையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உழைப்புக்குக் கூலி கேட்பது வேறு. ஊர் சொத்துக்குப் பட்டா கேட்பது வேறு.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று: எவ்வளவு நிலம்? யார் உழுகிறார்? வருமானம் எங்கே போகிறது? இம்மூன்றும் ஊரறிய எழுதி ஒட்டப்படட்டும். சாமியின் நிலம் சாமிக்கே இருக்கட்டும். அதன் கணக்கு மக்களுக்குத் தெரியட்டும்!