நம்ம வண்டி, நம்ம போன்… சாவி மட்டும் ஏன் கலிபோர்னியாவில்?



பத்து, பன்னிரண்டு லட்சம் போட்டு ஒரு கார் வாங்குறோம். ஏழு வருஷம் இ.எம்.ஐ. கட்டுறோம். ஆர்.சி. புக்குல நம்ம பேர்தான். ஆனா டேஷ்போர்டுல இருக்கிற அந்தப் பெரிய ஸ்கிரீன் யாருடையது? போனிலிருந்தே காரைப் பூட்டுவது, ஏ.சி. போடுவது, வண்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது எல்லாம் பல கார்களில் முதல் சில வருஷம்தான் இலவசம். அப்புறம் சந்தா. கட்டலைன்னா, நாம காசு கொடுத்து வாங்கிய அதே கருவி நம்ம வண்டிக்குள்ளேயே சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதுக்குப் பேர் வசதி இல்லை. சொந்த வீட்டிலேயே வாடகைக் குடித்தனம்.

"இது டெக்னிக்கல் மேட்டர், கட்சிப் பக்கத்துல எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் அரசியல்.

முதலில் போன். ஆண்ட்ராய்டின் அடிப்படை மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், புதிதாக ஒன்றைச் செய்யலாம். பூட்டு இருப்பது அதற்கு மேல்மாடியில்: ப்ளே ஸ்டோர், ப்ளே சர்வீசஸ், மேப்ஸ். 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஏன் தெரியுமா? ப்ளே ஸ்டோர் வேணும்னா எங்க ஆப் மொத்தத்தையும் சேர்த்துப் போடணும், ஆண்ட்ராய்டைத் திருத்திச் செய்த வேறு வடிவத்தில் போன் விற்கக் கூடாது என்று கம்பெனிகளை ஒப்பந்தத்தால் கட்டி வைத்ததற்கு. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் சில உத்தரவுகளை நீக்கியது. ஆனால் அபராதத்தை அப்படியே உறுதி செய்தது.

அடுத்து கார். கம்பெனி ஊரை விட்டுப் போவது நமக்குப் புதுசா? 2022-ல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நின்றதைப் பார்த்தவர்கள் நாம். ஆனாலும் அந்த வண்டிகள் இன்னைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடுது. காரணம், பானட்டைத் திறந்து பார்க்க நம்ம தெரு மெக்கானிக்குக்குத் தெரியும். பார்ட்ஸுக்குப் புதுப்பேட்டை இருக்கு. மென்பொருளுக்கு எந்தப் புதுப்பேட்டை? அமெரிக்காவில் ஃபிஸ்கர் என்ற மின்சாரக் கார் கம்பெனி 2024 ஜூனில் திவாலானது. சர்வர் யார் நடத்துவது, அப்டேட் யார் கொடுப்பது என்று தெரியாமல் தவித்த உரிமையாளர்கள், கடைசியில் தாங்களே சங்கம் அமைத்து அந்த மென்பொருளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். கோடு பூட்டியிருந்தால் கம்பெனியின் ஆயுள்தான் வண்டியின் ஆயுள்.

மாற்று இல்லையா? இருக்கு. ஆப் இறக்க எஃப்-டிராய்டு. வழி பார்க்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்ஆண்ட். போனுக்கே லினேஜ் ஓ.எஸ். காருக்கு ஆட்டோமோட்டிவ் கிரேட் லினக்ஸ். இதை டொயோட்டா 2018 கேம்ரி காரிலேயே போட்டுவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, மகிந்திரா சிட்டியில் மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் என்று நம்மைச் சுற்றியே காரும் செய்யுறாங்க, காருக்கான மென்பொருளும் எழுதுறாங்க. எழுதுற கை நம்ம பிள்ளைகளோடது. பூட்டு மட்டும் ஏன் வேறொருத்தருடையது?

இது நமக்கு அந்நியச் சரக்கும் இல்லை. 2005-ல் மத்திய அரசு கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கியபோது, சி-டாக் சென்னையோடு கைகோத்தது நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம். அந்த முயற்சியில் பிறந்ததுதான் பாஸ் லினக்ஸ். பின்னாளில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலும் அது வந்தது. அதே எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம், குடியரசுத் தலைவராக இருந்தபோதே 2003-ல் புனேயில் பேசுகையில் இந்தியாவுக்கு ஓப்பன் சோர்ஸ்தான் வழி என்று வாதிட்டார். அதுவும் பில் கேட்ஸிடமே இந்த விஷயத்தில் மாறுபட்டுப் பேசிய பிறகு!

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீருக்குள் நின்ற நேரம். தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஒரு வெள்ள வரைபடம் போட்டார்கள். உங்க தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தெருவைத் தொட்டால் போதும், குறியாகிவிடும். ஆயிரக்கணக்கான தெருக்களை மக்களே குறித்தார்கள். யாரிடமும் லைசென்ஸ் கேட்கவில்லை, அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. வரைபடம் பொதுச் சொத்தாக இருந்ததால்தான் அது முடிந்தது.

மாற்று வந்தால் பெரிய கம்பெனிகளும் இறங்கி வரும். 2022-ல் பெங்களூரு ஆட்டோ ஓட்டுநர்களோடு சேர்ந்து வந்த நம்ம யாத்ரி, கமிஷன் வாங்குவதில்லை. அதன் கோடு யாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. கமிஷன் இல்லாத இந்த முறை பரவிய பிறகு என்ன ஆச்சு? 2025 பிப்ரவரியில் ஊபர் தன் ஆட்டோக்களுக்குக் கமிஷனை விட்டுச் சந்தாவுக்கு மாறியது. ஜூனில் ஓலாவும் அதே வழிக்கு வந்தது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஆட்டோ அண்ணனிடம் கேளுங்க, ஒவ்வொரு சவாரியிலும் கமிஷன் போவதுன்னா என்னன்னு அவர் சொல்வார்.

இப்போ எதிர்க்கேள்விகள்.

"கோடு வெளியே தெரிஞ்சா ஹேக் பண்ணிடுவாங்களே?" உலகத்தின் பெரும்பாலான இணைய சர்வர்கள் ஓடுவது லினக்ஸில். ஆண்ட்ராய்டின் அடித்தளமே லினக்ஸ்தான். நாலு பேர் பார்க்கும் கணக்குதான் நேர்மையான கணக்கு.

"மாற்று மேப்பில் டிராபிக் தெரியலையே?" உண்மைதான். ஆனா பல்லாவரத்திலும் பெருங்களத்தூரிலும் நெரிசல் என்று கூகுளுக்கு யார் சொன்னது? அங்கே மாட்டிக்கொண்டு நின்ற நம்ம போன்தானே!

"பேங்க் ஆப் ஓடலையே?" இதுவும் உண்மை. கூகுள் சான்றிதழ் இல்லாத போனைப் பல வங்கி ஆப்கள் உள்ளேயே விடுவதில்லை. இது மாற்று மென்பொருளின் குறை இல்லை. வாசலில் கூகுளைக் காவலாளியாக வைத்ததன் விளைவு. அந்தக் காவல் இன்னும் இறுகப் போகிறது. தன்னிடம் பதிவு செய்யாத டெவலப்பர்களின் ஆப்பைச் சான்றிதழ் பெற்ற போன்களில் நிறுவ முடியாது என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி விடுவோம் என்றது. நம்ம போனில் நாம ஆப் போட, அவர் பார்த்து வழி விடணுமாம்!

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று.

1. அரசுப் பணத்தில் எழுதப்படும் ஒவ்வொரு மென்பொருளின் கோடும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். வரி நம்முடையது என்றால் கோடும் நம்முடையது.

2. சென்னை ஒன் உட்பட எல்லா அரசு ஆப்களும் ப்ளே ஸ்டோரோடு நிற்காமல் அரசின் இணையதளத்திலும் நேரடியாகக் கிடைக்க வேண்டும்; கூகுள் சேவை இல்லாத போனிலும் ஓட வேண்டும்.

3. மின்சாரப் பேருந்து உட்பட அரசு ஒப்பந்தம் போடும் எந்த வண்டியானாலும், கம்பெனி விலகினால் மென்பொருளும் சாவியும் அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் சும்மா இருக்க வேண்டாம். இந்த வாரம் எஃப்-டிராய்டு இறக்குங்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்க சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம் தெருக்களைத் தேடுங்க. விட்டுப்போன சந்து, ரேஷன் கடை, மழைக்குத் தண்ணீர் தேங்காத மேட்டுத் தெரு எல்லாத்தையும் சேருங்க. அடுத்த மழைக்கு அது யாரோ ஒருவரின் உயிரைக் காக்கும். ஓட்டு கேட்டு வரும் எல்லாக் கட்சி வேட்பாளரிடமும், நம் வேட்பாளர் உட்பட, மேலே உள்ள மூன்று கோரிக்கையையும் கேளுங்க.

படிச்சிட்டு லைக் மட்டும் போட்டுப் போகாதீங்க, பகிருங்க!

#நம்மசாவிநம்மகையில் #வரிநம்முடையதுகோடும்நம்முடையது

— தகவல் தொழில்நுட்ப அணி, தாம்பரம்