ஆண்டுக்கொருமுறை வீரர்கள்

கோடை வந்துவிட்டால் இலண்டனிலுள்ள எமது சங்கங்களுக்கும் பழைய மாணவர் அமைப்புகளுக்கும் கொண்டாட்டம்தான். ஒரு ஞாயிறு துடுப்பாட்டம், அடுத்த ஞாயிறு உதைபந்தாட்டம், அதற்கடுத்த ஞாயிறு விளையாட்டுப் போட்டி. மைதானத்தின் ஒரு மூலையில் கொத்துரொட்டி போடும் தாளம், மறுமூலையில் ஒலிபெருக்கியில் பழைய பாடல். இடையிடையே "40 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான 100 மீற்றர் ஓட்டம் ஆரம்பமாக உள்ளது, போட்டியாளர்கள் உடனடியாக வரவும்" என்ற அறிவித்தல். இவை யாவும் எமக்கும் மிகவும் பிடித்தவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனெனில் வைத்தியர் எழுதினால் "அதைச் சாப்பிடாதே, இதைச் செய்யாதே" என்றுதான் இருக்கும் என எண்ணிப் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

எமது கவலை அந்த ஞாயிறைப் பற்றியதல்ல, அதற்கு மறுநாளைப் பற்றியது. திங்கட்கிழமை காலையில் எமது சிகிச்சை நிலையத்துக்கு வருபவர்களைப் பார்த்தாலே முதல்நாள் எங்கே, என்ன போட்டி நடந்தது என்று சொல்லிவிடலாம். முழங்கால் வீங்கியவர், தொடைத்தசை பிடித்தவர், குதிக்காலுக்கு மேலேயுள்ள தசைநாண் அறுந்து நொண்டி நொண்டி வருபவர். எல்லோரும் 40க்கும் 55க்கும் இடைப்பட்டவர்கள். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வசனத்தையே சொல்வார்கள்: "பள்ளிக்கூடத்திலை நல்லா விளையாடினனான் டொக்டர்."

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு திங்களன்று வந்தவரை எம்மால் மறக்க முடியாது. (அவருடைய சம்மதத்துடன், சில விபரங்களை மாற்றி எழுதுகிறோம்.) வயது 51. நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர். "நேற்றிலிருந்து வாய்வு, டொக்டர். நெஞ்சுக்குள்ளை ஏதோ அடைச்ச மாதிரிக் கிடக்கு. ஒரு குளிசை தந்தால் காணும்" என்றார். முதல்நாள் கயிறிழுத்தல் போட்டியில் தமது ஊர் அணியில் கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். இழுத்து முடிந்ததும் வியர்த்துக் கொட்டி, இடது தோள் கனத்திருக்கிறது. அதற்குமுன் நாலு மற்றன் றோல்ஸ் சாப்பிட்டதால் அதுதான் செய்கிறது என்று எண்ணி, இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காருக்குள் படுத்திருக்கிறார். நாம் ஈசிஜி எடுத்துப் பார்த்தோம். வாய்வு அல்ல. மாரடைப்பு வந்து ஒரு நாள் ஆகிவிட்டிருந்தது. அம்புலன்ஸ் வரும்வரை அவர் சொன்னதுதான் இன்னும் எமது காதில் கிடக்கிறது: "சங்கத்தின்ரை நாளிலை அம்புலன்ஸைக் கூப்பிட்டுக் குழப்பக்கூடாதெண்டு நினைச்சன். பிள்ளையளும் பார்த்துக்கொண்டு நிண்டவை."

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தசையின் ஒரு பகுதி திரும்பவில்லை. அன்று மைதானத்திலேயே 999 அழைத்திருந்தால் அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம். நெஞ்சில் அழுத்தம், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றில் ஏதாவது வந்து ஓய்வெடுத்தும் விடவில்லையென்றால் அது வாய்வா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலை உங்களுடையதல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் மூச்சு வாங்கலாகவும் மாரடைப்பு வரக்கூடும். விழா குழம்பினால் குழம்பட்டும்.

பலமாகக் கயிறிழுத்ததால்தானே இது வந்தது, ஆகவே இனி விளையாடவே கூடாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். விடயம் நேர் எதிரானது. மாரடைப்பு வந்தவர்கள் அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று விசாரித்த ஆய்வொன்று 1993இல் அமெரிக்காவில் வெளியானது. கிழமைக்கு ஒரு தடவைகூடக் கடுமையாக உடலை வருத்தாதவர்கள் திடீரென்று அப்படிச் செய்தபோது, அந்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு 100 மடங்குக்கும் மேலாக உயர்ந்திருந்தது. கிழமைக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ பழகியவர்களுக்கு அந்த உயர்வு ஏறத்தாழ இரண்டரை மடங்கு மட்டுமே. குறிப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு எவருக்கும் மிகச் சிறியதுதான், ஆகவே 100 மடங்கு என்றதும் பதற வேண்டாம். ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். கயிறும் அதே கயிறு, இழுப்பும் அதே இழுப்பு. இழுப்பவர் அதற்குமுன் கழித்த 51 கிழமைகள்தான் வேறு.

அந்த 51 கிழமைகளும் எங்கே போயின? எம்மவரை இதில் முழுதாகக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. அகதியாக வந்து இரவில் பெற்றோல் நிலையம், பகலில் கடை என்று ஓடியவர்களுக்கு மட்டையும் பந்தும் ஒரு கேடா? நாமும் பரீட்சைக்குப் படித்த காலத்தில் அப்படித்தான் இருந்தோம். பதினைந்து ஆண்டுகள் ஒரு பந்தைத் தொட்டதில்லை. மூச்சுவிட நேரம் கிடைத்தபோது விளையாட்டு கைவிட்டுப் போய்விட்டிருந்தது, அதன் இடத்தில் தொலைக்காட்சி வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது. ஆட்டக்காரராக இருந்தவர்கள் ரசிகர்களாகிவிட்டோம். எந்த அணிக்கு ரசிகர் என்ற வழக்கு வேறு. துடுப்பாட்டத்தில் இந்தியாவா, இலங்கையா, இங்கிலாந்தா என்று ஒரே வீட்டுக்குள் மூன்று கட்சிகள் உண்டு. அந்தப் பஞ்சாயத்துக்குள் நாம் போகவில்லை.

ஆனால் ரசிகராக இருப்பதும் உடம்பைத் தொடாமல் விடுவதில்லை. 2006 உதைபந்தாட்ட உலகக்கிண்ணம் ஜேர்மனியில் நடந்தபோது மியூனிச் பகுதி வைத்தியர்கள் கணக்கெடுத்தார்கள். ஜேர்மனி ஆடிய நாட்களில் இதயம் தொடர்பான அவசர நிலைகள் வழமையைவிட 2.66 மடங்காக இருந்தன. ஆண்களில் மூன்று மடங்குக்கும் அதிகம். ஏற்கெனவே இதயநோய் இருந்தவர்களுக்கே அது மிக மோசமாக இருந்தது. 1998இல் இங்கிலாந்து ஆர்ஜென்ரீனாவிடம் தண்ட உதையில் தோற்ற நாளிலும் அடுத்த இரு நாட்களிலும் இங்கிலாந்தில் மாரடைப்பால் மருத்துவமனை சென்றவர்களின் தொகை 25 சதவீதம் கூடியிருந்தது. பதற்றத்தோடு எம்மவர் சேர்த்துக்கொள்பவை நித்திரையின்மை, மதுபானம், உப்புப் போட்ட கச்சான், மறந்துபோன இரவுக் குளிசை. 2015இல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் துடுப்பாட்ட உலகக்கிண்ணம் நடந்தபோது விடிய விடியப் பார்த்துவிட்டு, காலையில் குருதி அமுக்கம் எகிறிய நிலையில் எம்மிடம் வந்தவர்கள் உண்டு. ஆட்டத்தைப் பாருங்கள். குளிசையைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

பெண்கள் பக்கம் இன்னும் வருத்தமானது. விளையாட்டுப் போட்டியன்று அதிகாலை ஐந்து மணிக்கே எழுந்து றோல்ஸும் பற்றிஸும் பொரிப்பவர்கள் அவர்கள். பத்து மணிக்கு மைதானத்தில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? தேசிக்காய் ஓட்டமும் சங்கீதக் கதிரையும். ஊரில் பாடசாலைக் காலத்தில் வலைப்பந்தாட்டம் ஆடியவர்கள் எத்தனை பேர் இவர்களுக்குள் இருக்கிறார்கள்! 2019 யூலையில் லிவர்பூலில் நடந்த வலைப்பந்தாட்ட உலகக்கிண்ணத்தில், எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிக கோல்களைப் போட்டவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். அந்தச் செய்தியை எம்மவர் வாட்ஸ்அப்பில் பெருமையோடு பரிமாறிக்கொண்டார்கள். அம்மாமாருக்கு ஒரு வலைப்பந்து வளையம் நட்டுக்கொடுத்த சங்கம் எத்தனை?

மகள்மாரின் கதையும் இதேதான். எமது பெண்பிள்ளைகள் பலருக்குப் பரதநாட்டியம்தான் உண்மையான உடற்பயிற்சி. எட்டு, பத்து ஆண்டுகள் அரைமண்டியில் நின்று காலையும் இடுப்பையும் உறுதியாக்கிய பிள்ளை, மண்டபம் எடுத்து, சேலைக்கும் நகைக்கும் செலவழித்து அரங்கேற்றம் முடித்த அடுத்த மாதமே சலங்கையைப் பெட்டியில் பூட்டிவிடுகிறாள். பரீட்சை வந்துவிட்டதாம். அரங்கேற்றம் என்பது தொடக்கம் என்றுதான் நாம் எண்ணியிருந்தோம்.

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலி 85 டெசிபெல் அளவில் இருந்தால் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும், 100 டெசிபெல் ஆனால் 15 நிமிடம்தான் என்பது தொழிற்சுகாதார நிபுணர்கள் பயன்படுத்தும் கணக்கு. எமது மண்டபங்களில் ஒலிபெருக்கிக்கு முன் கதிரை போட்டுச் சின்னப் பிள்ளைகளை இருத்துகிறார்கள். பக்கத்தில் இருப்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்தைவிட்டு எழும்புங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். றோல்ஸை நிறுத்தச் சொல்ல மாட்டோம், சொன்னால் கேட்கவும் மாட்டீர்கள். றோல்ஸுக்குப் பக்கத்தில் வேறொன்றும் இல்லாததுதான் எமது முறைப்பாடு. அவித்த கடலை, வத்தகப்பழம், மோர், மாலையில் ஒடியற்கூழ். இவை எமக்குத் தெரியாத பண்டங்களா? தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இந்நாட்டு வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. அதுவும் இளவயதிலேயே வருகிறது. உடம்பு மெலிவாகத் தெரிந்தாலும் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புத்தான் எம்மவருக்கு எதிரி. ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடாது. அளவு நாடாவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து அளக்க வேண்டும். வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போடும் காற்சட்டையின் அளவைச் சொல்லி எம்மை ஏமாற்றலாம், நாடாவை ஏமாற்ற முடியாது.

சரி, அடுத்த கோடைக்கு முன் என்ன செய்யலாம்? நெஞ்சு இறுக்கம் வருபவர்கள், நீரிழிவோ குருதி அமுக்கமோ உள்ளவர்கள் முதலில் தங்கள் வைத்தியரைக் காணுங்கள். 40 முதல் 74 வயது வரை, இந்த நோய்கள் ஏற்கெனவே இல்லாதவர்களுக்கு இங்கிலாந்தில் ஐந்து ஆண்டுக்கொருமுறை இலவசப் பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதத்தை மின்சாரக் கட்டணத்தோடு சேர்த்து மேசையில் போட்டுவிடாதீர்கள். பின்பு நடக்கத் தொடங்குங்கள், கிழமைக்கு 150 நிமிடம். வேகம் போதுமா என்று அறிய எளிய வழியொன்று உண்டு. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. ரி.எம்.சௌந்தரராஜன் பாடலொன்றை மூச்சுவாங்காமல் முழுதாகப் பாடிக்கொண்டு நடக்க முடிந்தால் நீங்கள் உலாவுகிறீர்கள், நடக்கவில்லை.

சங்கச் செயற்குழுவிடமும் ஒன்று கேட்கிறோம். டிஃபிபிரிலேற்றர் எனப்படும், நின்ற இதயத்துக்கு அதிர்வு கொடுக்கும் கருவி ஒன்றை வாங்குங்கள். 2012 மார்ச் 17 அன்று இலண்டன் வைற் ஹார்ட் லேன் மைதானத்தில் 23 வயதான பப்ரிஸ் முவாம்பா ஆட்டத்தின் நடுவே விழுந்தார். அவருடைய இதயம் 78 நிமிடங்கள் தானாகத் துடிக்கவில்லை. ரசிகராக வந்திருந்த இதயநோய் நிபுணர் ஒருவரும் மைதானத்துக்குள் ஓடினார். இன்று முவாம்பா உயிரோடிருக்கிறார். 2021 யூன் 12 அன்று கொப்பன்ஹேகனில் விழுந்த கிறிஸ்ரியன் எரிக்சன் அடுத்த ஆண்டே மீண்டும் ஆடவந்தார். இதயம் நின்றபின், நெஞ்சை அமுக்குவதும் அதிர்வு கொடுப்பதும் இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. இக்கருவி என்ன செய்யவேண்டுமென்று தானே பேசிச் சொல்லும், தேவையில்லாதவருக்கு அதிர்வு கொடுக்காது. விலை ஏறத்தாழ ஆயிரம் பவுண். பின்னணிப் பாடகர் ஒருவரை விமானத்தில் அழைக்க எவ்வளவு செலவழித்தோம் என்று பொருளாளருக்குத் தெரியும்.

நேரமில்லை என்பவர்களுக்கு நாம் கண்டுபிடித்த நேரமொன்று உண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வாகனத் தரிப்பிடத்தைப் பாருங்கள். பிள்ளைகள் உள்ளே படிக்கும் இரண்டு மணி நேரமும் அப்பாமாரும் அம்மாமாரும் காருக்குள் இருந்து கைத்தொலைபேசியில் படம் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே பூங்கா. கயிறிழுத்த நண்பர், மருத்துவமனையின் இதய மறுவாழ்வு வகுப்புகளை முடித்துவிட்டு வந்து எம்மிடம் கேட்டார்: "டொக்டர், அடுத்த வருசம் இழுக்கலாமோ?" கயிற்றை விட்டுவிடச் சொன்னோம். நடக்கலாம் என்றோம். அவர் அந்தத் தரிப்பிடத்தில் ஒவ்வொரு காராகப் போய்க் கண்ணாடியைத் தட்டத் தொடங்கினார். போன சனிக்கிழமை பதினொரு பேர் பூங்காவைச் சுற்றினோம். மழை தூறியதும் இரண்டு பேர் காருக்கு ஓடிவிட்டார்கள், அவர்களில் ஒருவர் இந்த மடலின் ஆசிரியர்.