வயதா, தேர்ச்சியா?

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் என் மகளை அவள் வயதொத்த பத்து வயதுப் பிள்ளைகளுடன் அமர்த்தினார்கள். அவர்கள் பாடம் வாசிக்க, எழுத்தே அறியாத அவள் உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாளாம். இப்பொழுது போக மறுக்கிறாள்.

இவ்விடரை இந்தோனேசிய முஸ்லிம்கள் எதிர்கொண்ட விதம் அறியத்தக்கது. அங்கே ஆறாண்டு இஸ்லாமியத் தொடக்கப் பள்ளிக்கு மத்ரஸா இப்திதாயிய்யா என்று பெயர். 1975-இல் மூன்று அமைச்சர்கள் கூட்டாக ஆணையிட்டு, அங்குள்ள பாடங்களில் நூற்றுக்கு எழுபது பங்கு பொதுப்பாடமாக இருக்கவேண்டும் என்றார்கள். அதனால் மத்ரஸாச் சான்றிதழ் பொதுப்பள்ளிச் சான்றிதழுக்கு ஈடாயிற்று. பிள்ளைகள் அங்கு மாறிச் செல்லவும் வழி பிறந்தது.

ஆயினும் என்னைக் கவர்ந்தது குர்ஆன் ஓதக் கற்பிக்கும் முறையே. முன்பெல்லாம் எழுத்தின் பெயரையும் குறியின் பெயரையும் கூட்டிச் சொல்லிப் பல காலம் உழல்வார்கள். யோக்யகர்த்தாவின் கோத்தகெடேயைச் சேர்ந்த அஸ்அத் ஹுமாம் 1980-களில் ‘இக்ரோ’ என்னும் ஆறு சிறு நூல்களை ஆக்கினார். முதற்பக்கத்திலேயே குழந்தை ஒலியை நேராக வாசிக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே ஆசிரியர்முன் வாசிக்கும். ஆசிரியர் பெரும்பாலும் கேட்பார், அவ்வளவே. ஒரு நூலில் தேறினால்தான் அடுத்த நூல். வல்லவன் ஒரு பக்கத்தை முழுதும் வாசிக்கவேண்டியதில்லை, தாண்டிப் போகலாம். முன்னேறிய பிள்ளை பின்தங்கியவனுக்குக் கேட்டுத் திருத்தும். வயது யாதாயினும் அவரவர் கையில் அவரவர் நூல். அதனால் நாணத்திற்கு இடம் குறைவு.

2022-இல் மத்ரஸாக்களில் புகுந்த பாடத்திட்டமும் ஆறு வகுப்புகளை இரண்டிரண்டாக மூன்று கட்டங்களாக்கியது. முதலில் பிள்ளை அறிந்ததைச் சோதித்து, பிறகே பாடத்தை வகுக்கச் சொன்னது. விருப்பத்திற்கும் அதில் இடமுண்டு. விருப்பம் ஒன்றையே நம்பினால் கணக்குப் பாடம் என்னாகும் என்பது, பிள்ளை பெற்ற நமக்குத் தெரியாததா?

இம்முறையில் குறையும் உண்டு. ஒருவன் வாசிக்கையில் மற்றவர் சும்மா இருப்பர். கூட்டம் மிகுந்தால் ஆசிரியர் திணறுவார்.

நம் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். “முப்பது பிள்ளைக்கு நான் ஒருவன். வாசிக்கத் தெரிந்த பெரிய பிள்ளைகள் இருவர் ஞாயிறுதோறும் வந்து கேட்டுக்கொடுத்தால் தொடங்கிவிடலாம்” என்றார். அந்த இருவர் எந்த வீட்டிலிருந்து வருவார்கள், அன்பர்களே?