புயலுக்குப் பின் பாக்கி வசூல்

கீரப்பாளையத்தில் நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களில் பரங்கிப்பேட்டை, கிள்ளை, முடசல்ஓடைப் பக்கத்தவரும் உண்டு. அவர்கள் கடை ஓடுவது மீனவர் வலையை நம்பி. 2011 டிசம்பர் 30இல் 'தானே' கடலூர் அருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' புதுச்சேரி அருகே கடந்தது.

வெயில் அடித்ததும் கடல் சரியாகிவிட்டது என்று நாம் நினைத்துவிடுகிறோம். அது தவறு. காற்று நின்றாலும் அலை உடனே அடங்குவதில்லை. வெள்ளாற்று வெள்ளம் சேற்றையும் மரத்தையும் முகத்துவாரத்தில் தள்ளும். மணல்திட்டு இடம் மாறும். கலங்கிய கரையோர நீரில் இறால் படும் என்ற ஆசை இழுக்கும். ஆனால் முகத்துவாரத்தைத் தாண்டும் இடத்தில்தான் ஆபத்து.

அந்நேரம் நாம் கடைக்காரரை நெருக்கினால் அவர் மீனவரை நெருக்குவார். மீனவர் அடங்காத கடலில் படகை இறக்குவார். நம் பாக்கிக்கு ஓர் உயிர் விலையாகலாமா?

ஆகவே வணிக நண்பர்களுக்கு நமது வேண்டுகோள்: கடலுக்குப் போகலாம் என்று மீன்வளத்துறை அறிவித்த பிறகும் பத்து நாள் வசூலை நிறுத்துவோம். அரிசி, பருப்பு, எண்ணெய் விலையை ஏற்ற வேண்டாம். நாமும் மில்லுக்குப் பணம் கட்ட வேண்டியவர்கள்தாம். அங்கே தவணை கேட்போம். கடல் கொடுத்தால் அவர்கள் கொடுப்பார்கள். இது நம் அனுபவம்.