'இல்லை' என்றும் எழுதுங்கள்

ஜேன் குடால் 2025 அக்டோபரில், 91 வயதில் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலும் புல் தண்டுக் கதைதான். 1960இல் தான்சானியாவின் கோம்பே காட்டில், டேவிட் கிரேபியர்ட் என்று அவர் பெயரிட்ட சிம்பன்சி கறையான் புற்றுக்குள் புல் தண்டை விட்டு, ஒட்டிவந்த கறையானைத் தின்றது. கருவி செய்யத் தெரிந்தவன் மனிதன் மட்டுமே என்ற எண்ணம் அன்றோடு ஆட்டம் கண்டது. நல்ல கதைதான். ஆனால் அதை மட்டும் கேட்கிற பிள்ளை, ஆராய்ச்சி என்றால் ஒருநாள் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய மாதங்களில் சிம்பன்சிகள் அவரைக் கண்டாலே ஓடின. குன்றின் மேல் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். மேடையில் யாரும் அந்த மாதங்களைப் பற்றிப் பேசுவதில்லை.

ஃபிஃபியை எடுத்துக்கொள்ளுங்கள். குடால் கோம்பேக்குப் போனபோது தாய் ஃப்ளோவை ஒட்டிக்கொண்டிருந்த குட்டி அவள். 2004இல் காணாமல் போவதற்குள் 9 குட்டிகள் பெற்றாள். இரண்டு பிரசவங்களுக்கு நடுவே ஐந்தாறு வருஷம்கூட ஆகும் இனம் இது. மூன்று வருஷ நிதியோடு போகிறவர் எதைப் பார்த்துவிட முடியும்? 1972இல் ஃப்ளோ இறந்தாள். எட்டு வயது மகன் ஃப்ளின்ட் சாப்பிடாமல் ஒடுங்கி, ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர்ந்தான். குறுந்தொகை 69ஆம் பாட்டில், துணையை இழந்த மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் விட்டுவிட்டு மலையிலிருந்து பாய்கிறது. அந்தப் புலவர் எதைக் கண்டு பாடினாரோ! ஃப்ளின்ட்டின் சாவைத் துக்கம் என்று சொல்ல, அவன் பிறந்த நாளிலிருந்து எழுதிய குறிப்புகள் தேவைப்பட்டன.

சிங்கப்பூரில் சிம்பன்சியைப் பார்க்க நாம் மண்டாய் விலங்குத் தோட்டத்துக்குப் போகவேண்டும். காட்டுக் குரங்கை வருஷக்கணக்கில் பின்தொடரும் வேலையைப் பார்க்க அப்பர் தாம்சன் பக்கம் போனாலே போதும். ராஃபிள்ஸ் பேண்டட் லங்கூர்: கறுப்பு உடம்பு, தொடையின் உள்பக்கம் வெள்ளைப் பட்டை, தரைக்கு இறங்குவது அபூர்வம். புக்கிட் தீமாவில் மிஞ்சியிருந்த ஒன்றை 1987இல் நாய்கள் கடித்துக் கொன்றன. மற்ற இடங்களில் எஞ்சியவற்றின் பின்னால் குரங்கு ஆய்வாளர் டாக்டர் ஆண்டி ஆங் பல வருஷங்களாக அலைகிறார். கீழே விழும் எச்சத்தைச் சேகரித்து மரபணு பார்ப்பதும் அதில் அடக்கம். அவர் தொடங்கிய காலத்தில் நாற்பது போல இருந்த எண்ணிக்கை இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ஜேன் குடால் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளை, பொதுமக்களையும் கணக்கெடுப்பில் சேர்த்துக்கொள்கிறது.

தாம்சன் இயற்கைப் பூங்காவில், பழைய ஹைனான் கிராமத்தின் இடிந்த சுவர்கள் வழியாக அப்படியொரு குழுவோடு நானும் நடந்தேன். அட்டை கடித்தது. கிளை அசைந்த இடத்திலெல்லாம் சாதாரண நீள்வால் குரங்குதான். குழுவை நடத்திய பெண் படிவத்தில் நேரத்தையும் பாதையையும் போட்டு, எண்ணிக்கைக் கட்டத்தில் சைபர் எழுதினார். கூடவந்த பையனுக்கு ஏமாற்றம். "அதையும் எழுதணும் தம்பி. கண்டதை மட்டும் எழுதினா, குரங்கு வரலையா, நாம வரலையான்னு பின்னாடி யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். எத்தனையோ கண்காட்சிப் பலகைகள் சொல்லாததை அந்த ஒரு பேச்சு சொல்லிவிட்டது.

இதைத் தேக்காவில் பழக்கடை அண்ணனிடம் சொன்னேன். "வெறுங்கையோடவா போனீங்க? சனிக்கிழமை, ஆஞ்சநேயருக்கு ஒரு சீப்பு கொண்டுபோயிருக்கலாமே" என்றார். இங்கே காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் என்றேன். மசியவில்லை. கோம்பேயிலும் குடால் வாழைப்பழம் வைத்துத்தான் சிம்பன்சிகளை முகாமுக்கு வரவழைத்தார், கூட்டம் கூடிச் சண்டை பெருகியதும் குறைத்துக்கொண்டார் என்றதும், "அட, அந்தம்மாவுமா!" என்றார்.

அந்தம்மாவும்தான். அவரே அதை எழுதியும் வைத்திருக்கிறார். கோம்பே சிம்பன்சிகளின் சண்டையில் வாழைப்பழத்தின் பங்கு எவ்வளவு, இயல்பின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் பிற்பாடு வருஷக்கணக்கில் வாதாட முடிந்ததும் அந்தக் குறிப்புகள் இருந்ததால்தான்.