கவிதைக்கு எந்த விசா?

கல்லடியில் புதிய பாலம் திறந்த 2013ஆம் ஆண்டிலேதான், நவம்பரில், கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் மாங்குளத்தில் கைதானார். சுற்றுலா விசாவில் வந்து கூட்டங்களில் பேசினாராம். நோர்வேப் பிரஜையென்று நாடுகடத்தினார்கள். பிறந்த நாட்டிலே அவர் உல்லாசப் பயணி!

30 நாள் அனுமதியில் வருபவர் கல்லடிக் கடலில் குளிக்கலாம். பாலத்தில் நின்று மீன் பாடக் கேட்கலாம். விபுலாநந்தர் சமாதியருகே காத்தான்குடி நண்பர்கள் நாலு பேருக்குக் கவிதை வாசித்தால் மட்டும் குற்றமா? எத்தனையாவது ஆளோடு அது கூட்டமாகிறது? அதை விதியிலே எழுதட்டும்.

நம்மீதும் பிழையுண்டு. தமிழக எழுத்தாளரை விழாவுக்கு அழைத்துவிட்டு, "சுற்றுலா என்றே போடுங்கள்" என்கிறோம். பிடிபட்டால் விமானமேறுவது அவர். நாம் அடுத்த விழாவுக்கு அழைப்பிதழ் அடிப்போம்.