பாலாறும் பத்தாயிரம் ரூபாயும்

காஞ்சிப் பட்டின் மினுமினுப்புக்குப் பாலாற்று நீரே காரணம் என்பது நம் நெசவாளர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அந்த நீருக்கு நேர்ந்த கதியை எண்ணிப் பார்த்தால், தொழில் நிறுவனங்கள் சட்டத்திற்கு எப்போது அஞ்சுகின்றன, எப்போது அஞ்சுவதில்லை என்பது விளங்கும்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் உறுதி செய்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதென்ற ஆய்வும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அவ்வைந்தனுள் ஒன்று, காஞ்சியைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்.

பத்தாயிரம் ரூபாய்க்கு எந்த முதலாளி அஞ்சுவார்? கணக்கேட்டில் அதுவும் ஒரு செலவு, அவ்வளவே. அச்சம் தந்தது வேறொரு வரி. நவம்பர் 30க்குள் சுத்திகரிப்புக்கு வழிசெய்து வாரியத்தின் இசைவைப் பெறாத ஆலைகளை மாவட்ட ஆட்சியரும் காவல்துறைக் கண்காணிப்பாளரும் மூடவேண்டும் என்பதே அது. அதற்குமுன் பல்லாண்டுகள் தவணைமேல் தவணை கொடுத்தும் நடவாத காரியத்திற்கு, அன்று ஒரு நாள் குறிக்கப்பட்டது. பொறுப்பேற்க இரு அதிகாரிகளும் குறிக்கப்பட்டனர்.

பின்னர் பிடி தளர்ந்தது. 2001இல் இழப்பீட்டு ஆணையம் 29,000க்கும் மேற்பட்டோர்க்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் வழங்க முடிவுசெய்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவர்க்குப் பத்தாயிரம்கூட வாராது! 2015 ஜனவரியில் இராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, எஞ்சிய இழப்பீட்டை அரசே கொடுத்துவிட்டு மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும் என்று ஆணையிட நேர்ந்தது. இடையே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

சமுதாயப் பெரியோர்க்கு ஒன்று கூற விழைகின்றோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வணிகம் நம்மவர் பலர்க்குச் சோறிட்டது. அவ்வீகையால் எழுந்த கல்விக்கூடங்களும் உண்டு. நன்றி மறவோம். எனினும் சட்டத்தைக் கடுமையாக்கினால் தொழில் அழியும் என்ற வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. பொருள் செலவிட்டுக் கழிவைத் தூய்மை செய்பவர், இரவில் மதகைத் திறந்துவிடும் அண்டை ஆலையோடு விலையில் எவ்ஙனம் போட்டியிடுவார்? அமலாக்கம் தளர்ந்தால் முதலில் நட்டப்படுபவர் அந்த நேர்மையாளரே. மேலும், கெட்ட கிணற்றுக்கு உரியவனின் கடன் ஹக்குல் இபாத்; அவன் மன்னியாதவரை அது தீராது.

ஆற்றுநீர்ச் சோதனையின் முடிவுகள் மாதந்தோறும் கரையோர ஊராட்சி அலுவலக வாயிலில் ஒட்டப்படவேண்டும். எந்த ஆலையின் மின்னிணைப்பு எந்நாளில் துண்டிக்கப்பட்டது, யார் ஆணையால் மீண்டும் தரப்பட்டது என்பதும் அதனருகே எழுதப்படவேண்டும்.